சிக்கிள் செல் நோயோடு அன்றாடம்: இளம்பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வருகிறது. இந்த நோயோடு அதிகம் பழகாத ஒருவர் அதைப் பார்த்தால் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார், ரத்தம் ஏற்றலாம் என்பார். சிக்கிள் செல் நோய் உள்ள பெண்ணுக்கு அந்த 8 பல வருடமாக இருக்கும் வழக்கமான அளவாக இருக்கலாம். அப்போது இரும்பும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். அதே பெண்ணுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அது 5க்கு இறங்கினால், அன்று இரவே அவர் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருடைய வழக்கமான அளவு யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே வரும் மருந்தளவுகள் எல்லாம் வளர்ந்த பெண்களுக்குப் பொதுவாகத் தரப்படுபவை. உங்கள் எடை, சிறுநீரகம், மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து உங்கள் ரத்தவியல் மருத்துவர் மாற்றிச் சொன்னால், அவர் சொன்னதுதான் கணக்கு.

ரத்தத்தில் நடப்பது என்ன

சிக்கிள் செல் நோய், அதாவது அரிவாள் செல் நோய், பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வருவது, யாருக்கும் தொற்றாது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் உட்கார்ந்திருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் சிவப்பணு ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீள்கிறது. அணு விறைத்து அரிவாள் போல வளைகிறது. இப்படி வளைந்தவை நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்தால் வலி. சீக்கிரம் உடைந்தால் சோகை. மற்றவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாள்தான். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிரூபின்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது, பித்தப்பையில் கல்லாகவும் சேர்கிறது.

அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக அது ஒட்டும். உடம்பில் நீர் குறைந்தால் அணுவும் சுருங்கும், அடர்த்தி ஏறும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அணுக்கள் குழாயைக் கடக்க அதிக நேரம் ஆகும், வளையவும் அதிக நேரம் கிடைக்கும். தண்ணீர் குடி, குளிரில் நிற்காதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

உங்களுக்கு எந்த வகை என்பதும் முக்கியம். பெற்றோர் இருவரிடமிருந்தும் எஸ் மரபணு வந்தால் எஸ்.எஸ்., ஒருவரிடமிருந்து எஸ்ஸும் மற்றவரிடமிருந்து சி மரபணுவும் வந்தால் எஸ்.சி., மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா வந்தால் எஸ்-பீட்டா தலசீமியா. இவைதான் அதிகம் காணப்படுபவை. எஸ்.சி. வகையில் ஹீமோகுளோபின் பொதுவாக 10க்கு மேல் இருக்கும், வலியும் பெரும்பாலும் குறைவு. அதனால் 'லேசான வகை' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் விழித்திரைப் பாதிப்பு அந்த வகையில்தான் அதிகம்.

முதலில் செய்ய வேண்டியது: ஒரு பக்கச் சீட்டு

உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து எழுதுங்கள். வலி வந்த பிறகு எழுத முடியாது. கடைசியாக நலமாக இருந்தபோது எடுத்த பரிசோதனைகளிலிருந்து இவற்றை எடுத்து எழுத வேண்டும்: நோயின் வகை, ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணுக்கள்), பிலிரூபின், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், எடை. அடுத்து, எடுக்கும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை, ரத்தப் பிரிவு, முன்பு ரத்தம் ஏற்றியதால் உருவான எதிர்ப்புப் பொருள்கள் ஏதாவது இருந்தால் அவற்றின் பெயர், இதுவரை வந்த பெரிய சிக்கல்கள். கடைசியாக, உங்களுக்கு எந்த வலிமருந்து எந்த அளவில் வேலை செய்தது என்பது. இதில் உங்கள் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். முன்பின் அறியாத மருத்துவமனையில் இளம்பெண் ஒருத்தி மார்ஃபின் என்று பெயர் சொல்லிக் கேட்டால் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்து இருந்தால் பேச்சே வேறு.

ஒரு பிரதி கைப்பையில், ஒன்று கைபேசியில் படமாக, ஒன்று உங்களோடு தங்கியிருப்பவரிடம்.

ரத்த அழுத்தத்தையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் அது பொதுவாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும். வழக்கமாக 105/65 இருப்பவருக்கு 130/80 என்பது ஏற்றம்தான், 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது. ஆக்சிஜன் அளவும் அப்படியே. நலமாக இருக்கும்போதே 95 காட்டுபவருக்கு 94 பெரிய விஷயம் இல்லை. 99 காட்டுபவருக்கு அதே 94 எச்சரிக்கை. விரலில் கருவியை மாட்டும் முன் நகச்சாயத்தைத் துடையுங்கள், கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். அடர்நிறச் சாயமும் குளிர்ந்த விரலும் அளவைத் தப்பாகக் காட்டும்.

தண்ணீர்

வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர். வெயில், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடற்பயிற்சி என்றால் இன்னும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடும். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிறுநீர் வெளிறிப் போனால் தண்ணீர் போதும் என்று எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது. இந்த நோயில் சிறுநீரகம் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனைச் சின்ன வயதிலேயே இழந்துவிடுகிறது. உடம்பு வறண்டிருந்தாலும் சிறுநீர் நிறைய, வெளிறியே போகும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டி வருவதும் இதனால்தான். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், பாட்டிலை எண்ணுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு காலை எழுந்தது முதல் மதியம் வரை ஒன்று, மாலை வரை ஒன்று, படுக்கும் வரை முக்கால் என்று முடித்தால் கணக்கு சரியாகிவிடும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்திருங்கள். இரவில் எழும்போதெல்லாம் இரண்டு மடக்கு.

பெண்கள் தண்ணீரைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வெளியே கழிவறை சரியில்லை என்பதால்தான். அன்று மாலையோ மறுநாளோ வலி பிடிக்கும். எங்கே போனாலும் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டு, குடிப்பதை நிறுத்தாமல் இருப்பதுதான் வழி.

குளிர், உழைப்பு, தூக்கம்

குளிரை விட, திடீரென்று மாறும் வெப்பநிலைதான் பலருக்குப் பகை. வியர்த்த உடம்போடு குளிரூட்டிய அறைக்குள் போவது, ஈரத்துணியோடு இருப்பது, குளிர்ந்த நீரில் நீந்துவது ஆகியவை வலியைக் கிளப்பும். நீந்த ஆசை என்றால் வெதுவெதுப்பான நீரில் நீந்துங்கள். ஏறியதும் துவட்டி உடை மாற்றுங்கள். சுளுக்குக்கு ஐஸ் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்களுக்கு வெந்நீர்ப் பைதான்.

உடற்பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நடை, சைக்கிள், யோகா எல்லாம் நல்லது. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம்தான் அளவு. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். மூச்சு வாங்கும் அளவுக்குப் போட்டி போட்டு ஓடுவதில்தான் ஆபத்து.

குறட்டை இருந்தாலோ, காலையில் தலைவலியோடு எழுந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்குவது இந்த நோயில் அடிக்கடி உண்டு. காரணம் தெரியாமல் அதிகாலையில் வலி தொடங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளும் தடுப்பூசிகளும்

ஃபோலிக் அமிலம் தினமும் 1 முதல் 5 மி.கி. வரை. சிவப்பணுக்களை ஓயாமல் உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜைக்கு அது தேவை. இரும்புச்சத்து மட்டும் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் உள்ள இரும்பின் இருப்பு, பார்க்காமல் தொடக்கூடாது. பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அதே சமயம், மாதவிடாயில் அதிகம் உதிரம் போகும் பெண்ணுக்கு இந்த நோயோடு இரும்புக்குறைவும் சேர்ந்தே இருக்கலாம். பரிசோதனை சொல்லட்டும்.

பலருக்கு மண்ணீரல் குழந்தைப் பருவத்திலேயே செயலிழந்துவிடுவதால் சில கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள், வருடம் ஒரு முறை ஃப்ளூ ஊசி ஆகியவை இதற்காகத்தான். பென்சிலினை எந்த வயது வரை தொடர்வது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

ஹைட்ராக்ஸியூரியா

இந்த நோயில் நெடுநாள் சோதிக்கப்பட்ட மருந்து இது. கருவில் இருக்கும்போது உடம்பு தயாரித்த எஃப் வகை ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுகிறது; அது இருக்கும் அணு எளிதில் வளைவதில்லை. 1995இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து எடுக்காதவர்களுக்கு வருடத்துக்கு 4.5 என்றிருந்த வலித்தாக்குதல், எடுத்தவர்களுக்கு 2.5 ஆக இருந்தது. 1998இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது.

பொதுவாக எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் தினம் ஒரு வேளையாகத் தொடங்குவார்கள். 50 கிலோ என்றால் சுமார் 750 மி.கி. ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 5 மி.கி. கூட்டி, ரத்த எண்ணிக்கை தாங்கும் வரை ஏற்றுவார்கள். உச்சம் 35 மி.கி. தொடக்கத்தில் மாதம் ஒரு முறை ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 1,000க்குக் கீழோ தட்டணுக்கள் 80,000க்குக் கீழோ போனால் நிறுத்தி, மீண்டதும் குறைந்த அளவில் தொடர்வார்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதத்தில் ஒரு வலி வந்ததும் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். இது வலி வந்தபோது போடும் மாத்திரை இல்லை, வராமல் இருக்கப் போடுவது. வேலை செய்கிறதா என்று உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே பார்க்கலாம்: எம்.சி.வி. என்ற எண், அதாவது சிவப்பணுவின் அளவு, முதல் சில மாதங்களில் ஏறிக்கொண்டே போகும். ஏறவில்லை என்றால் பெரும்பாலும் மாத்திரைகள் விட்டுப்போகின்றன, அல்லது அளவு போதவில்லை.

நகத்தில் கருங்கோடுகள் வரலாம், சிலருக்கு முடி கொஞ்சம் மெலியும். அது மனதைப் பாதிக்கும் விஷயம்தான், அற்பம் என்று ஒதுக்க வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிபார்ப்பார். இந்த மருந்து எடுக்கும் காலத்தில் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் வழக்கமாக மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே இதைக் கேட்டுவைப்பது நல்லது.

மாதவிடாய்

பூப்படைவது ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போவது இந்த நோயில் சகஜம். அதற்குப் பிறகு பல பெண்களுக்கு ஒவ்வொரு மாதமும் விலக்கு நாட்களைச் சுற்றியே வலித்தாக்குதல் வருகிறது. 'எல்லாப் பெண்களுக்கும் வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லி இதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. இரண்டு வலியும் வேறு வேறு. மாதவிடாய் வலி அடிவயிற்றில் பிசைந்து பிசைந்து வரும், சில சமயம் இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். சிக்கிள் வலி எலும்புக்குள்ளிருந்து குடைவது போல, விடாமல், கை, கால், மார்பு, முதுகு என்று வரும். முதலாவது இரண்டாவதைக் கிளப்பிவிடவும் செய்யும்.

மூன்று மாதம் ஒரு நாட்காட்டியில் குறியுங்கள்: விலக்கான நாள், வலி வந்த நாள், எந்த இடம், பத்துக்கு எத்தனை, எத்தனை நாப்கின். விலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து நான்காம் நாள் வரைக்குள் வலி குவிகிறது என்று தெரிந்தால், தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே இப்யூப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எனத் தொடங்கி இரண்டு மூன்று நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். சிறுநீரில் புரதம் போகிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீரை அரை லிட்டர் கூட்டி, வயிற்றிலும் இடுப்பிலும் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுங்கள். விடிய விடிய விழித்திருக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

அதிக உதிரப்போக்கு என்பது ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது. ஏற்கெனவே 8இல் நிற்கும் ஹீமோகுளோபினுக்கு இது தாங்காது. ரத்தத்தை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்த நோயில் ரத்தம் உறையும் போக்கு ஏற்கெனவே அதிகம்.

கருத்தடை, துணை, குழந்தை

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, ஒட்டுப் பட்டை, வளையம் ஆகியவை ரத்த உறைவைக் கூட்டும். 2024இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல் இந்த நோயில் அவற்றைத் தவிர்க்கவே சொல்கிறது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, கையில் பதிக்கும் குச்சி, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் ஆகியவை ஏற்றவை. ஹார்மோன் சாதனம் உதிரப்போக்கையும் குறைக்கும். தாமிரச் சாதனம் சிலருக்கு உதிரத்தைக் கூட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி சிக்கிள் வலியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு; ஆனால் எலும்பு அடர்த்தியும் ரத்த உறைவும் குறித்த கவலை இருப்பதால், ஏற்கெனவே இடுப்பெலும்பு பாதிக்கப்பட்டவர்கள் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். முகப்பருவுக்கு என்று எழுதித் தரும் ஹார்மோன் மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், கவனம்.

துணையின் ரத்தத்தை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரெசிஸ் முறையில் பார்க்க வேண்டும். சாதாரண ரத்த எண்ணிக்கை போதாது. உங்களுக்கு எஸ்.எஸ்., அவருக்கு எதுவும் இல்லை என்றால் குழந்தைகள் எல்லாரும் சுமப்பவர்களாக மட்டும் இருப்பார்கள், நோய் வராது. அவர் எஸ் மரபணுவைச் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர் பீட்டா தலசீமியாவையோ சி, டி, இ வகை ஹீமோகுளோபினையோ சுமந்தாலும் கணக்கு மாறும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மரபியல் ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். குறை உங்களிடம் மட்டும் இருப்பதாக யாராவது பேசினால், இரண்டு பேரின் மரபணுவும் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது என்பதை அங்கேயே சொல்லுங்கள்.

குழந்தை பெற முடியும். ஆனால் திட்டமிட்டுத்தான் பெற வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா, இரும்பை வெளியேற்றும் மருந்து, பெயரில் 'பிரில்' என்று முடியும் சிறுநீரக மருந்துகள் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே பேச வேண்டும். ஃபோலிக் அமிலம் வழக்கமாக 5 மி.கி. வரை உயரும், பன்னிரண்டாவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். மகப்பேறு மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். 2025இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகால சிக்கிள் செல் பராமரிப்புக்கென முதல் வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மருத்துவர் அதைப் பார்த்திருக்கிறாரா என்று தயங்காமல் கேட்கலாம்.

வலி தொடங்கிவிட்டால்

1. முதலில் வெப்பமானியை வையுங்கள், மாத்திரை அப்புறம். பாராசிட்டமால் போட்டுவிட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று தெரியாமலே போகும்.

2. காய்ச்சல் இல்லை, இது எப்போதும் வரும் வலிதான் என்றால் உடனே 500 மி.லி. தண்ணீர் குடித்து, வலிக்கும் இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுங்கள். சூட்டுப் பையைத் துணியில் சுற்றி 20 நிமிடம். தோல் வெந்து புண்ணாகக் கூடாது.

3. பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் உண்டு, அதையும் சேர்த்து எண்ண வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இதோடு இப்யூப்ரோஃபென்.

4. ஒரு மணி நேரத்தில் வலி பாதியாவது இறங்கவில்லை என்றால், உங்களுக்கென எழுதிக்கொடுத்த வலுவான மருந்து. தாங்கிப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வலி முற்றிவிடும், பிறகு இரண்டு மடங்கு மருந்து தேவைப்படும். ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து, எடுத்தால் அன்றே மலமிளக்கியும் தொடங்குங்கள்.

5. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து ஆழ்ந்த மூச்சு. முதுகும் விலாவும் வலிக்கும்போது மூச்சை மேலோட்டமாக விடுவோம். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்கும்.

6. இவ்வளவும் செய்து நான்கைந்து மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் கிளம்புங்கள். சீட்டு, மாத்திரைகள், கம்பளி, கைபேசி மின்னூட்டி, நாப்கின், கூட ஓர் ஆள்.

மருத்துவமனையில் நீங்கள் கேட்கத் தகுந்தவை: வந்த 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலிமருந்து, பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடு. பெத்திடின் என்ற வலிமருந்து ஊசி இந்த நோயில் தவிர்க்கப்படுகிறது. அதன் எச்சம் உடம்பில் சேர்ந்து வலிப்பை உண்டாக்கும். ஸ்டீராய்டு தந்தால், நிறுத்தியதும் வலி திரும்பி வரக்கூடும் என்று நினைவூட்டுங்கள். வலி பத்துக்கு ஒன்பது என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. வருடக்கணக்காக வலியோடு வாழ்பவர்கள் கத்துவதில்லை, கவனத்தைத் திருப்பத்தான் பழகியிருப்பார்கள். கூட வருபவர் இதைச் சொல்லட்டும்.

வீட்டில் காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நேராக அவசரப் பிரிவு; 38ஐத் தாண்டினாலே மருத்துவரை அழையுங்கள். நெஞ்சுவலி, இருமல், மூச்சுத் திணறல் காய்ச்சலோடு வந்தால் அது தீவிர மார்பு நோய்க்குறியாக இருக்கலாம். இந்த நோயில் உயிர்போகும் காரணங்களில் முன்னால் நிற்பது அது, பல சமயம் மருத்துவமனையில் வலிக்காகப் படுத்திருக்கும்போதே தொடங்கும். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். வயது இருபதுதானே என்று நினைக்க வேண்டாம். பார்வை திடீரென மங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், இடது விலாவுக்குக் கீழே வீங்கி வலிப்பது, நின்றால் தலைசுற்றி உதடெல்லாம் வெளுப்பது ஆகியவை வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். கடைசியாகச் சொன்னது பார்வோ வைரஸால் மஜ்ஜை சில நாள் உற்பத்தியை நிறுத்திவிடுவதாலும் வரும். ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போயிருக்கும்.

ரத்தம் ஏற்றிய மூன்று வாரத்துக்குள் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போய், வலியும் மஞ்சளும் கூடினால் அதை இன்னொரு வலித்தாக்குதல் என்று எண்ணிவிடாதீர்கள். ஏற்றிய ரத்தத்தை உடம்பு அழிக்கிறது என்று பொருள். இன்னொரு பாட்டில் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். 'இத்தனாம் தேதி ரத்தம் ஏற்றினார்கள்' என்ற வாக்கியத்தை முதல் வேலையாகச் சொல்லுங்கள். சி, இ, கெல் என்ற துணை ரத்தப் பிரிவுகளையும் பொருத்திப் பார்த்து ஏற்றினால் இந்த ஆபத்து குறையும்.

வருடம் ஒரு முறை

கண்மணியை விரித்து விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், கல்லீரல், சிறுநீரகம், ஃபெரிட்டின், வைட்டமின் டி. தொடை இடுக்கில் வலி, காலை மடக்கி உட்காரச் சிரமம் என்றால் இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ.; தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. சர்க்கரை நோய்க்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்தால் உங்களுக்கு அது தவறாகக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் உங்கள் சிவப்பணு மூன்று மாதம் வாழ்வதே இல்லை. நேரடியாக ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணுக்காலுக்கு மேலே உள்ள தோலைத் தினமும் பாருங்கள். கொசுக்கடியைச் சொறிந்தது, செருப்பு வார் உரசியது, சவரக்கத்தி கீறியது என்று சின்னதாகத் தொடங்கும் காயம் அங்கே மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். தோல் வறண்டு வெடிக்காமல் பார்த்துக்கொண்டு, கீறல் விழுந்த அன்றே கழுவிக் கட்டுங்கள்.

படிப்பு, வேலை, பயணம்

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரிடம் சொல்லுங்கள்: விடுதித் தோழி, துறைத் தலைவர், மேலாளர், யாராவது ஒருவர். கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கட்டும்: மேசையில் தண்ணீர் பாட்டில், கேட்காமல் கழிவறைக்குப் போக அனுமதி, குளிர்காற்று நேரே அடிக்காத இருக்கை, தேர்வில் இடைவெளி, வலி வந்த நாளில் வீட்டிலிருந்து வேலை. மருத்துவரின் கடிதத்தைச் சேர்க்கையின்போதே கொடுத்துவிட்டால், பிறகு வலியோடு கெஞ்ச வேண்டியிருக்காது.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். நடைபாதை ஓர இருக்கை, மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மணிக்கு ஒரு நடை, ஒரு சால்வை. மருந்துகள் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் இல்லை. கடந்த சில வாரத்தில் மார்புச் சிக்கல் வந்திருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மலேரியா உள்ள இடம் என்றால் தடுப்பு மருந்து கட்டாயம்.

புதிய சிகிச்சைகள்

2023 டிசம்பரில் இரண்டு மரபணுச் சிகிச்சைகளுக்கு, 12 வயது முதல், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றும் உண்டு. இந்த மரபணுச் சிகிச்சைகளுக்கு முன்பும், பெரும்பாலான மஜ்ஜை மாற்றுகளுக்கு முன்பும் தரும் வலுவான கீமோ மருந்து கருமுட்டைகளைப் பாதிக்கும். முட்டைகளை உறையவைத்துப் பாதுகாப்பதைப் பற்றிய பேச்சு, சிகிச்சைத் தேதி குறிக்கும் முன் நடக்க வேண்டும். உங்களிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். வோக்ஸெலோடர் என்ற மாத்திரை 2024 செப்டம்பரில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பழைய கட்டுரைகளில் அதன் பெயரைப் பார்த்துத் தேட வேண்டாம்.

குழந்தைகள் பிரிவிலிருந்து மாறும் வயது

பதினெட்டை ஒட்டிய சில வருடங்கள் இந்த நோயில் ஆபத்தான காலம். இதுவரை அம்மா சொன்ன கணக்கு, மாத்திரை நேரம், பழகிய மருத்துவர் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும். பதினாறு வயதிலிருந்தே மருத்துவரிடம் முதல் பத்து நிமிடம் தனியாகப் பேசிப் பழகுங்கள். புதிய மருத்துவரைப் பார்க்கும் தேதி உறுதியான பிறகுதான் பழைய இடத்தின் கடைசிச் சந்திப்பு. இடையில் ஹைட்ராக்ஸியூரியா தீர்ந்துவிடாமல் மூன்று மாத மருந்துச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் அந்தப் புதிய மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.